மூன்று வாரமாக இருமல்

நெஞ்சக நோய்ப் பிரிவில் நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது எங்கள் தலைமை மருத்துவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எக்ஸ்ரே கையில் இருந்தாலும் கேஸ் ஷீட்டில் இரண்டு நுரையீரல்களையும் வரைந்தாக வேண்டும்; நோய் கண்ட இடத்தைச் சிவப்புப் பென்சிலால் தீட்ட வேண்டும். வீண் வேலை என்று முணுமுணுத்தபடியே வரைவேன். என் நுரையீரல்கள் பெரும்பாலும் தேய்ந்த செருப்பு ஜோடி போலத்தான் இருக்கும்.

பிறகொரு நாள் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் தங்கை சொன்ன ஒரு நினைவைப் படித்தேன். 1897 மார்ச்சில் மாஸ்கோவில் உணவு மேசையிலேயே வாய்வழியாக ரத்தம் கொட்டி, செகாவ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பார்க்கப் போன தங்கையின் கண்ணில் மேசைமேல் கிடந்த ஒரு படம் பட்டது: நீலப் பென்சிலால் வரைந்த நுரையீரல், மேல்பகுதியில் மட்டும் சிவப்பு. யாரும் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டேன்.

செகாவும் மருத்துவர்தான். பட்டம் பெற்ற 1884-ஆம் ஆண்டிலேயே ரத்தம் துப்பினார். 1888-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அது காசநோயின் தொடக்கமாக இருந்திருந்தால் தான் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே என்று வாதாடுகிறார். வேறு எந்த நோயாளியாவது இதைச் சொல்லியிருந்தால் டாக்டர் செகாவ் ஒரு நிமிடம்கூட ஏற்றிருக்கமாட்டார்.

அந்தக் கடிதத்தை நினைவூட்டியவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்.

“எத்தனை நாளாக இருமல், ஐயா?”

“மூன்று வாரம்தான், டாக்டர். தூசு ஒத்துக்கொள்வதில்லை.”

அவருடைய மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் இருமி முடித்து, கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கறை உள்ளே போய்விட, வெள்ளைப் பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. அப்படிப் பார்க்காமலே மடிக்க மூன்று வாரப் பழக்கம் போதாது. எக்ஸ்ரேயில் வலது மேல்பகுதியில் ஒரு குழி, சளியில் காசநோய்க் கிருமி. ஆனாலும் “மூன்று வாரம்” என்றே எழுதினேன். நோயாளி சொன்னதை எழுதுவதுதான் முறை.

மறைந்த எழுத்தாளர்களுக்கு நோய் கண்டுபிடிக்கும் கட்டுரைகள் மருத்துவ இதழ்களில் அடிக்கடி வருகின்றன. எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. எதிர்க்கேள்வி கேட்காத நோயாளியிடம் எல்லோரும் நிபுணர்தான். அவர்களே எழுதிவைத்த குறிப்புகள் வேறு ரகம். தஸ்தயேவ்ஸ்கி தமக்கு வந்த வலிப்புகளைத் தேதியிட்டுக் குறித்துவைத்தார். ஆர்வெல் அவரைவிடக் கறார். 1948-இல் ஸ்காட்லாந்து மருத்துவமனை ஒன்றில் அவருக்கு அமெரிக்காவிலிருந்து தருவித்த காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடப்பட்டது. தோல் உரிந்தது, நகங்கள் கெட்டன. இரவில் உதடுகளில் கசிந்த ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ள, காலையில் கழுவினால்தான் வாயைத் திறக்க முடிந்தது. இவ்வளவையும் புலம்பாமல் எழுதியிருக்கிறார். பக்கவிளைவைப் பதிவு செய்வது எப்படி என்று மாணவர்களுக்குச் சொல்ல நான் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். மருந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 1950 ஜனவரியில், 46 வயதில் இறந்தார். அந்த ஊசி ஆர்வெலுக்குக் கிடைத்த அதே 1948-இல்தான் புதுமைப்பித்தன் காசநோயால் இறந்தார். வயது 42. இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க எனக்கு இன்றும் பிடிப்பதில்லை.

ஆசிரியருக்கு வழக்கமான ஆறு மாத மாத்திரைகள். முதல் மாதம் சிறுநீர் சிவந்ததும் பதறிப்போனார். அந்த மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் செய்யும் வேலை அது என்று சொன்ன பிறகே அமைதியானார். கடைசி முறை வந்தபோது சளியில் கிருமி இல்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டிய என் கையை நிறுத்தி, பழைய படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“வலதுபுறம்தான் எனக்கு முதலில் குத்தியது. அப்போது நான் பள்ளியில்தான் இருந்தேன்” என்றார்.

“ஓய்வு பெற்றது எப்போது, ஐயா?”

விரல்விட்டு எண்ணினார். மனைவி அவருக்கு முன்பே எண்ணி முடித்திருந்தார். முதல் பக்கத்தில் “மூன்று வாரம்” என்பதை அடித்துவிட்டு, “பதினொரு மாதம்” என்று எழுதித் தேதி போட்டேன்.