ரெற்றினா கட்டு: 17 எழுத்து முடிந்தது, ஓவும் ஏயும் மிச்சம்

ஸ்க்ரபிள் என்ற ஆங்கிலச் சொல்லாட்டத்துக்காகச் செய்துவந்த ரெற்றினா கார்ட் கட்டு ஒருவழியாகச் சரிவந்துவிட்டது. ரெற்றினா (RETINA) என்ற சொல்லிலுள்ள ஏ, ஈ, ஐ, என், ஆர், ரி ஆகிய ஆறு ஆங்கில எழுத்தோடு ஏழாவது எழுத்து ஒன்று சேரும்போது வருகிற சொற்கள்தான் இந்தக் கட்டு. அகராதியில் சாதாரணமாகக் கிடைக்கிற சொற்களை மட்டும் எடுத்தாலே 17 எழுத்து இதோடு சேரும். சி வந்தால் சேர்ட்டன், எச் வந்தால் ஹெயர்நெற், ஐ வந்தால் இனேர்ஷியா, கே வந்தால் கெரற்றின், எம் வந்தால் மினரெற். றாக்கை, அதாவது கையிலுள்ள ஏழு எழுத்தையும் அடுக்குகிற சட்டத்தை, பார்த்த கையோடு சொல் வாய்க்கு வர வேண்டும். இப்போது வருகிறது!

பையிலுள்ள 100 ரைலில் (எழுத்துக் கட்டையில்) ஈ 12, ஏயும் ஐயும் 9 வீதம், என், ஆர், ரி மூன்றும் 6 வீதம். மொத்தம் 48. அதனால்தான் எந்தக் கட்டுக்கும் முதல் இதை முடிக்கச் சொல்வேன். ஏழு ரைலையும் ஒன்றாக இறக்கினால் 50 புள்ளி மேலதிகம். ஆட்டத்தின் முதல் சொல்லாகக் கெரற்றின் அகப்பட்டால், கேயைப் பலகை நடுவிலுள்ள நட்சத்திரத்துக்கு இடப்பக்கமுள்ள இரட்டை எழுத்துக் கட்டத்தில் வைக்க வேண்டும். கேக்கு 5 இரட்டித்து 10, மற்ற ஆறுக்கும் 6, அந்த மொத்தத்தை நட்சத்திரம் இரட்டித்து 32, அதோடு 50. ஆக 82. பெயின்ரரை அதே இடத்தில் வைத்தால் 74.

கார்ட்டின் முன்பக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே சொல்லை எழுதிப் பின்னால் கருத்து எழுதுவது சோதனைப் படிப்புக்குச் சரி, இதற்குத் துப்பரவாக உதவாது. ஏழு எழுத்தையும் ஆங்கில எழுத்து வரிசைப்படி மட்டும் எழுதுங்கள். ஜி கார்ட் என்றால் ஏ-ஈ-ஜி-ஐ-என்-ஆர்-ரி. பின்பக்கம் கிரனைற், இன்கிரேற், ரெயறிங் எல்லாம் வரும். முன்பக்க மூலையில் விடைகளின் எண்ணிக்கையைப் போட வேண்டும். எண் இல்லாவிட்டால் முதல் சொல் கிடைத்ததுமே மூளை தேடுவதை விட்டுவிடும், பலகையில் அந்தச் சொல்லுக்கு இடம் இருக்காது. பி கார்ட்டைப் பாருங்கள்: பெயின்ரர், பேர்ற்றெயின், ரீபெயின்ற். பலகையில் ஏற்கெனவே உள்ள ஐ என்ற எழுத்துக்குக் கீழே சொல் முடிய வேண்டிய இடத்தில் பெயின்ரர் சரிவராது, ஐயும் ஆரும் சேர்ந்து சொல் ஆகாது. பேர்ற்றெயினின் என் அங்கே இன் ஆகும், ரீபெயின்றின் ரி இற் ஆகும். எண்ணிக்கையை நினைவிலிருந்து எழுதாமல் பட்டியலைப் பார்த்தே எழுதுங்கள். வட அமெரிக்காவுக்கு வெளியே ஆங்கிலப் போட்டிகளில் பெரும்பாலும் கொலின்ஸ் சொற்பட்டியல்தான். அதில் வீட்டு அகராதியில் இல்லாத சொற்கள் கனக்க.

றாக்கிலும் ரைல்களை அதே வரிசையில்தான் அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்ட் படித்த கண் திணறும். ஆனால் வரிசையிலிருந்து நேரே எடுத்து வைத்தால், எந்த அந்தத்தில் என்ன மிச்சம் என்று கெட்டிக்கார எதிராளி பிடித்துவிடுவார். சொல்லை றாக்கிலேயே அமைத்துவிட்டுப் பிறகு பலகைக்குக் கொண்டுபோங்கள்.

கார்ட்டுக்குப் பிரிஸ்டல் போர்ட் நல்லது. ஏ4 தாளில் எட்டு வரும், ஒன்று 74க்கு 105 மில்லிமீற்றர். பெரிய தாளாக வாங்கி அச்சகத்தில் கொடுத்தால் மெசினில் வடிவாக வெட்டித் தருவார்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் ஒன்றுக்கொன்று பொருந்தாது, கலைத்துப்போடும்போது எந்தக் கார்ட் என்று விரலே காட்டிக்கொடுக்கும். ஜெல் பேனை வேண்டாம், மாரியில் ஈரக் கை பட்டால் இழுபடும். றபர் பான்டும் வேண்டாம், வெயிலுக்கு இளகி ஒட்டிவிடும். பிஸ்கற் ரின்னே போதும்.

இனி மல்லுக்கு நிற்கிற ஓவுக்கு வருவோம். ரெற்றினாவோடு ஓவோ இன்னொரு ஏயோ சேர்ந்தால் சாதாரண ஏழெழுத்துச் சொல் ஒன்றும் இல்லை. பையில் ஓ 8, ஏ 9 என்பதால் இந்த றாக் அடிக்கடி வரும். வழி எட்டெழுத்துச் சொல்தான், எட்டாவது எழுத்தைப் பலகையிலிருந்து பிடிக்க வேண்டும். சி கிடைத்தால் ரியாக்‌ஷன், கிரியேஷன். எல் கிடைத்தால் ரிலேஷன், ஓரியென்ரல். டி கிடைத்தால் றேஷன்ட், ஓர்டினேற்.

எட்டையும் சேர்த்து வரிசைப்படுத்தி எழுதுவது இங்கே வேலைசெய்யாது. பலகையிலுள்ள எழுத்தை அசைக்க முடியாதே! அதனால் றாக்கின் ஏழை நீலத்திலும் பலகை எழுத்தைத் தள்ளிச் சிவப்பிலும் எழுதுகிறேன். பின்பக்கத்தில் சொல்லுக்குப் பக்கத்தில், சிவப்பு எழுத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை கட்டம் வேண்டும் என்ற கணக்கு. ரிலேஷன் 2, 5. ஓரியென்ரல் 7, 0. கிரியேஷன் 0, 7. ரியாக்‌ஷன் 3, 4. பலகையில் எல்லுக்கு முன்னால் இரண்டே கட்டம் காலி என்றால் ஓரியென்ரலை நினைத்து நேரம் போக்கத் தேவையில்லை. இந்த இரண்டு இலக்கமும் சொல்லோடு சேர்ந்தே மனதில் ஏற வேண்டும். அதுதான் இன்னும் கெதியாக வரவில்லை, சொல் வருகிறது, இலக்கம் பிந்துகிறது.

ஏ பக்கம் மறினேற் 0, 7, ஆர்ட்டீசியன் 4, 3 இரண்டும் எழுதியாயிற்று, மற்றவை இருக்கின்றன. இதற்கிடையில் ஆரை எடுத்துவிட்டு எஸ்ஸைப் போட்ட அடுத்த கட்டுக்கும் தாள் வெட்டியாயிற்று. அதில் டி கார்ட் ஒன்றிலேயே இன்ஸ்ரெட், டிரெயின்ஸ், ஸ்ரெயின்ட், செயின்ரட் என்று நாலு சொல்.