சும்மா சுற்றிய ஃபோர்க் அடி போல்ட்

பைக்கின் முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் ஸ்பிரிங் குழாய்கள்தான் ஃபோர்க். அந்த இரண்டிலும் ஆயில் சீல், அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம், மாற்றும் வேலை. சீலை எடுக்க உள்குழாயை உருவ வேண்டும். அதற்கு வெளிக்குழாயின் அடியில், குழிக்குள் உட்கார்ந்திருக்கும் ஆலன் போல்ட் கழன்றாக வேண்டும். என் வண்டியில் அது 8 மி.மீ. போல்ட், 6 மி.மீ. ஆலன் கீ. மேல் மூடியைத் திறக்கும் முன்பே இரண்டு பக்கத்து போல்ட்டையும் தளர்த்தப் பார்த்தேன். வலது பக்கம் 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. இடது பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. தலை ஒரு நூல்கூட வெளியே வரவில்லை.

மரை போய்விட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படி இருக்காது. இந்த போல்ட் இறங்கியிருப்பது வெளிக்குழாயில் இல்லை, உள்ளே நிற்கும் டேம்பர் ராடில் (துள்ளலை அடக்கும், அதாவது டேம்பிங் தரும் குழல்). அந்த ராடைத் திரும்பாமல் பிடித்துவைப்பது ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும்தான். போல்ட் தானாகத் தளராமல் இருக்க மரையில் போட்ட லாக் பசை அதைவிட பலமாகப் பிடித்திருந்தால், போல்ட்டோடு சேர்ந்து ராடும் சுற்றும். அப்போது இன்னும் முறுக்கினால் ஆலன் குழிதான் வழுக்கும். ராடைப் பிடிக்க வழி தேட வேண்டும்.

இம்பாக்ட் கன் இருந்தால் அதன் அதிர்வடியில், ராட் திரும்புவதற்குள் போல்ட் கழன்றுவிடும். என்னிடம் இல்லை. ஃபோர்க்கைப் படுக்கவைத்து, மேல் மூடிப் பக்கத்தை மரக்கட்டையில் முட்டுக்கொடுத்து, உடம்பு எடையால் அமுக்கிக்கொண்டே திருப்பினேன். ஸ்பிரிங் அமுங்க அமுங்க ராடின் மேல் அழுத்தம் கூடும் என்பது கணக்கு. கொஞ்சம் பிடித்தது, பிறகு மறுபடி சுற்றியது.

அடுத்தது மரக்கம்பு வைத்தியம். மூடி, ஸ்பிரிங் இரண்டையும் எடுத்து, ஆயிலை வடித்தேன். ராடின் தலையில் இருக்கும் துளைக்குள் முனை மட்டும் நுழையுமாறு ஒரு நீளக் கம்பைக் கத்தியால் நாலு பட்டையாகச் சீவி, மேலிருந்து இறக்கி, சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். மரம் உலோகத்தைக் கடித்துக்கொள்வது கையிலேயே தெரிந்தது. கம்பின் வெளிமுனையை நண்பர் பைப் ரிஞ்சால் அழுத்திப் பிடிக்க, நான் கீழே ஆலன் கீயைத் திருப்பினேன். 'கிறீச்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒழுங்காகக் கழன்று வந்தது. மரைப் பள்ளம் முழுக்கக் காய்ந்த பசை, வெள்ளைப் பொடியாக.

இந்த முறையில் கட்டாயம் கவனிக்க வேண்டியது மரச்சிம்பு. ஆயில் போய்வரும் துளைகள் ராடில் சின்னதாக இருக்கும். ஒரு சிம்பு அடைத்தாலும் டேம்பிங் கெடும். ராடை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் அலசி, ஒவ்வொரு துளையையும் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் திருப்தி வந்தது.

மாட்டும்போது மரையைத் துடைத்து, புதுச் செம்பு வாஷர், நீல லாக் பசை ஒரு சொட்டு. ஸ்பிரிங்கையும் மூடியையும் தற்காலிகமாகப் போட்டு, ராட் திரும்பாத நிலையில் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கினேன். மறுபடி ஸ்பிரிங்கை எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, இரண்டு பக்கமும் ஆயில் மட்டத்தை ஒரே அளவாக வைத்தேன். வண்டியை ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன்: சீல் ஓரத்திலும் அடி போல்ட்டிலும் கசிவு இல்லை.