அந்த ஒரு டி

நேற்று இரவு ரோஸ்ஹில் வீட்டில் மகளும் நானும், பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான யூகாஸ் விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருந்தோம். பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யில் முதல் முறை வேதியியலில் டி கிரேடு. மறுபடி எழுதி பி வாங்கினாள். "பழசையும் போடணுமாம்மா? பி மட்டும் போதாதா?" கட்டத்தில் டி என்று அடிப்பாள், உடனே அழிப்பாள்.

எனக்கும் ஒரு நிமிடம் சபலம்தான். ஆனால் யூகாஸ் விதி தெளிவு: எழுதி முடித்த தேர்வு எதுவானாலும், தோற்றதும் திரும்ப எழுதியதும் உட்பட, பதிய வேண்டும். மறைத்தால் விண்ணப்பமே ரத்தாகலாம். நம் மொரீஷியஸ் எச்.எஸ்.சி. கேம்பிரிட்ஜ் தேர்வு, அந்த கிரேடு கேம்பிரிட்ஜிடமே இருக்கிறது.

முதல் முறை தேர்வு எழுதிய அந்த அக்டோபரில் அவள் அப்பா மருத்துவமனையில். வராந்தா பெஞ்சில், கரிம வேதியியல் நோட்டு மடியில் விரிந்திருக்க, உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். இதை அவளே எழுதிப் புலம்ப வேண்டியதில்லை. ஆசிரியர் தரும் பரிந்துரையில் இப்படிப்பட்ட சூழ்நிலைகளைச் சொல்லவே இடம் உண்டு. இன்று காலை அவரிடம் பேசினேன். எழுதுகிறேன் என்றார்.

சரி, டி-யைப் போட்டுவிட்டோம். அதற்குக் கீழே பி. அந்த இரண்டு வரியையும் பார்க்கப் பார்க்க என் பிள்ளைமேல் மரியாதை கூடுகிறது.