முழங்கையை இடிக்கும் மணி

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கைக்குக் கழுத்துப் பைப்பிங் போட்டுக்கொண்டிருந்தேன். வளைவு வரும் இடத்தில் பெடலை லேசாக மிதித்து, இடது கைச் சுட்டுவிரலால் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் நாய் மணி வந்து என் முழங்கைக்குக் கீழே மூக்கை நுழைத்து மேலே ஒரு தள்ளு தள்ளினான். கால் பெடலில் அழுந்திவிட்டது. ஊசி நகத்தின் ஓரத்தில் இறங்கி உள்ளேயே முறிந்தது. தையல் ஜரிகைக்கு மேல் கோணலாக ஓடிப் போயிருந்தது.

ஊசித் துண்டை டாக்டர் எடுத்து, டிடி ஊசி போட்டு அனுப்பினார். பட்டு பிட் மீதமிருந்ததால் முன்பக்கத்தைத் திரும்ப வெட்டி, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு முடித்தேன். மணியை நான் அடிக்கவில்லை. ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவன் கட்டிங் டேபிளுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தான். ஆனால் இதை இனிமேல் இப்படியே விடக்கூடாது என்று அந்த ராத்திரியே முடிவு செய்தேன்.

மணி நாட்டு நாய்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழையில், எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் நின்ற ஷேர் ஆட்டோவுக்கு அடியில் நனைந்து கிடந்த குட்டி. செம்பட்டை நிறம், நெற்றியில் மட்டும் விபூதி இட்ட மாதிரி வெள்ளை. குட்டியாக இருந்தபோது அவன் முனகினால் வீட்டில் யாராவது ஒருவர் உடனே தூக்கிவிடுவோம். அப்புறம் முனகல் போய்க் காலால் பிறாண்டினான். காலைத் தட்டிவிட்டதும் குரைக்க ஆரம்பித்தான். போன் எடுத்தால் குரைப்பான். அளவு எடுக்க ஆள் வந்தால் டேப்பைக் கவ்விக்கொண்டு ஓடுவான். பாபினை எடுத்துப் போய் வாசலில் வைத்துவிட்டு, நான் வருகிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான். இத்தனைக்கும் மேலேதான் இந்த முழங்கை இடி.

முதலில் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். காது, பல், தோல், கால் எல்லாம் தொட்டுப் பார்த்தார். வலியோ அரிப்போ இருந்தாலும் நாய் ஆளை விடாமல் சுற்றும், அதனால் அதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்றார். மணிக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. "நீங்க வீட்டுல என்ன செய்றீங்கன்னு மூணு நாள் எழுதிட்டு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

எழுதுவதற்கு என்னிடம் அளவு நோட்டு இருக்கிறது. மார்பு 36, இடுப்பு 32 என்று எழுதுகிற அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன். மணி என்ன செய்தான், நான் என்ன செய்தேன், அவ்வளவுதான். முதல் நாள் மட்டும் 37 தடவை. முழங்கை இடி 19, போனுக்குக் குரைத்தது 8, சாமான் தூக்கிப் போனது 6, மடியில் காலை வைத்தது 4. பக்கத்துக் கோட்டில் என் கணக்கு. 31 தடவை "சும்மா இருல" என்று திட்டியிருக்கிறேன், அல்லது கையால் தள்ளியிருக்கிறேன். 4 தடவை, தொல்லை விட்டால் போதும் என்று பிஸ்கட் போட்டிருக்கிறேன். இரண்டு தடவைதான் கண்டுகொள்ளாமல் விட்டது.

என் மகள் பி.எட். படிக்கிறாள். அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது எங்க சைக்காலஜி பேப்பர்லயே இருக்கு" என்றாள். தார்ன்டைக் என்கிற சைக்காலஜி ஆராய்ச்சியாளர் பூனையைக் கூண்டில் அடைத்தது, கூண்டைத் திறக்கும் வழி ஒரு தடவை பிடிபட்டதும் அடுத்தடுத்த தடவை அது சீக்கிரம் சீக்கிரமாகத் திறந்து வெளியே வந்தது, ஸ்கின்னர் என்கிற இன்னொரு ஆராய்ச்சியாளரின் எலி நெம்புகோலை அழுத்தினால் தீனி விழுந்தது, எல்லாவற்றையும் விளக்கினாள். எந்தச் செயலுக்குப் பின்னால் வேண்டியது கிடைக்கிறதோ அந்தச் செயல் வலுக்கும். மணிக்கு வேண்டியது பிஸ்கட் மட்டுமில்லை. நான் திரும்பிப் பார்ப்பதும், பேசுவதும், கையால் தொடுவதும்தான். திட்டும்போது அந்த மூன்றையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன். தள்ளிவிடுவதை அவன் விளையாட்டாகவே எடுத்திருக்கிறான்.

அப்போதுதான் நோட்டில் எழுதாத ஒரு கணக்கு நினைவுக்கு வந்தது. அந்த மூன்று நாளில் அவன் சும்மா படுத்திருந்த நேரம் எவ்வளவோ இருந்திருக்கும். அப்படி இருந்தபோது நான் ஒரு தடவையாவது அவனிடம் போய்ப் பேசினேனா? இல்லை. அப்பாடா, படுத்துவிட்டான் என்று மிஷினைத்தான் மிதித்திருக்கிறேன். இடித்தால்தான் அம்மா திரும்புவாள் என்று அவனுக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

அதனால் வேலையை இரண்டு பக்கத்திலிருந்தும் தொடங்கினோம்.

இடித்தால் இனிமேல் ஒன்றும் கிடையாது. அவன் மூக்கை நுழைத்ததும் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவேன், கையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்ப்பேன். பேச்சு கிடையாது, தொடுவது கிடையாது. அப்படியும் விடாவிட்டால் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன், அரை நிமிஷம். அவனை அடைக்கவில்லை, நான்தான் போகிறேன். திரும்பி வரும்போது நாலு காலும் தரையில் இருந்தால் "சமத்துல நீ" என்று கழுத்தைத் தடவிக் கொடுப்பேன்.

இடிக்காமலே அவனுக்கு வேண்டியது கிடைக்க வேண்டும் என்பது அடுத்தது. இதுதான் பெரிய வேலை. காலையில் தெருவில் ஒரு சுற்று இழுத்துக்கொண்டு வந்த நடையை மாற்றினேன். ஐந்தரைக்கே கிளம்பி, தார் ரோடு சுடுவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் அவன் போக்கில் விடுகிறேன். ஒரு மின்கம்பத்தை இரண்டு நிமிஷம் மோந்து பார்க்கிறானா, பார்க்கட்டும். மோந்து மோந்து நடந்த நாளில் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்ததும் அவனாகவே தூங்கிவிடுகிறான். வெறும் ஓட்டத்துக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. காலைச் சாப்பாட்டில் பாதியைத் தட்டில் வைக்காமல், பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை இரண்டு பக்கமும் மடித்துச் சுருட்டி உள்ளே வைத்துக் கொடுக்கிறேன். பிரித்து எடுக்கக் கால் மணி நேரம் ஆகும். இதற்கு ரவிக்கை வெட்டுத் துணி ஆகாது. நூலும் துண்டுத் துணியும் வயிற்றுக்குள் போனால் குடலை அடைத்துவிடும். தடித்த துணிதான் வேண்டும், அதுவும் பக்கத்தில் ஆள் இருக்கும்போதுதான்.

மிஷினிலிருந்து நாலடி தள்ளி ஒரு கோணிச் சாக்கைப் போட்டு, மேலே என் பழைய நூல் சேலையை நாலாக மடித்துத் தைத்து வைத்தேன். அவன் தற்செயலாக அதில் படுத்தால்கூட, அவித்த ஆட்டு ஈரலில் கடலைப் பருப்பு அளவு ஒரு துணுக்கு அவன் முன்னங்காலுக்கு நடுவில் வைத்துவிட வேண்டும். சத்தமில்லாமல், நிதானமாக.

நாலாம் நாள் வீடே அதிர்ந்தது. முழங்கை இடி பலிக்கவில்லை என்றதும் குரைப்பு இரண்டு மடங்கானது. கத்தரியின் கைப்பிடியைக் கவ்விக்கொண்டு போனான். அன்றைக்கே கூர்மையான சாமானெல்லாம் மேல் தட்டுக்கு ஏறிவிட்டது. இவர் டூட்டி முடிந்து வந்து, "எதுக்கு இப்படிக் குலைக்கான்? ஒரு பிஸ்கட்டப் போட்டு அமத்து" என்றார். இந்த இடத்தில்தான் பல வீடுகளில் காரியம் கெடுகிறது. கூலி நின்றதும் பழைய பழக்கம் அணைவதற்கு முன் ஒரு தடவை கொழுந்துவிட்டு எரியும். அந்த உச்சத்தில் விட்டுக்கொடுத்தால், இன்னும் சத்தமாகக் குரைத்தால்தான் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். எப்போதாவது ஒரு தடவை கிடைப்பதுதான் எதையும்விடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்பதும் ஸ்கின்னர் பாடம்தான். தாமிரபரணிக் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர்களைப் பாருங்கள். தினமும் மீன் விழாது, ஆனால் விழுந்த நாள் ஞாபகம் இருக்கிறதே.

இவர் புரிந்துகொண்டார். புரிய வைக்க முடியாமல் நான் தவித்தது அத்தையிடம்தான்.

அத்தைக்கு 78 வயது. பதினோரு மணிக்குக் காபியும் ரஸ்க்கும். மணி போய் முழங்காலில் தாடையை வைத்ததும், காபியில் முக்கின ரஸ்க்கில் பாதி அவன் வாய்க்குப் போய்விடும். "வாயில்லா சீவம்லா, கேக்கத்தானே செய்யும்" என்பார்கள். சொல்லிப் பார்த்தேன், கோபமும் பட்டேன். ஒரு நாள் பாயசத்திலிருந்து உலர் திராட்சையை எடுத்துக் கொடுக்கப் போனபோது ஓடிப் போய்த் தடுத்தேன். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், வெங்காயமும் சாக்லேட்டும்கூட ஆகாது. அத்தைக்கு முகம் வாடிவிட்டது. "எங்கிட்ட வாரது அது ஒண்ணுதான். அதையும் வராதன்னு சொல்லணுமாட்டி?" என்றார்கள்.

அந்த வார்த்தைக்கு எனக்குப் பதில் இல்லை. நான் மிஷினில், இவர் வேலையில், மகள் கல்லூரியில். பகல் முழுக்க அத்தையைத் தேடிப் போகிறவன் மணி ஒருவன்தான். அவனைத் தடுக்கச் சொல்வது நியாயமில்லை. அதனால் மறுநாள் ஈரல் துணுக்குகளை ஒரு பித்தளைச் செம்பில் போட்டு அத்தை கையில் கொடுத்தேன். "நீங்கதான் அத்தை குடுக்கணும். ஆனா அவன் சாக்குல படுத்திருந்தா மட்டும்தான். எந்திரிச்சு வந்து கேட்டா செம்ப மூடிக்கிடுங்க."

எத்தனை நேரத்துக்கு ஒரு துணுக்கு என்று சொல்ல வேண்டுமே. கடிகாரம் பார்க்க அத்தைக்குக் கண் தெரியாது. அவர்களே வழி சொன்னார்கள். திருச்செந்தூர் முருகனை நினைத்து "முருகா" சொல்லிக்கொண்டிருப்பது அவர்கள் வழக்கம். முதல் இரண்டு நாள் 3 முருகாவுக்கு ஒரு துணுக்கு. நடுவில் எழுந்தால் திரும்ப ஒன்றிலிருந்து. அப்புறம் 11. அப்புறம் 21. மிஷின் ஓடாதபோது முதலில், பின்பு ஓடும்போது, பின்பு போன் மணி அடிக்கும்போது. அத்தையின் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு, முன்னங்கால் மேல் தாடையை வைத்து மணி படுத்திருப்பான். 51 வந்த வாரம், நடுவில் அவன் கண் சொருகுவதை நான் மிஷினிலிருந்தே பார்த்தேன். தீனிக்காகக் காத்துக் கிடந்தவன் தூங்கியே போய்விட்டான். 108-ஐத் தொட ஆறு வாரம் ஆனது. இன்று செம்பில் ஐந்தாறு துணுக்குதான் இருக்கும், அதில் பாதி சாயங்காலம் மீதமாகிவிடுகிறது.

போனுக்குக் குரைப்பதும் இதோடு சேர்ந்தே குறைந்தது. மகள் வேண்டுமென்றே என் போனை ஒலிக்க விடுவாள், ஒலித்ததும் சாக்கின் மேல் ஒரு துணுக்கு விழும். இப்படி நூறு தடவைக்கு மேல் செய்திருப்போம். இப்போது போன் அடித்தால் அவன் சாக்குக்குப் போகிறான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்டுகொள்ளாமல் விடுவது என்றால் எல்லாவற்றையும் விட்டுவிடுவது இல்லை. கதவுப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தால், அவன் வெளியே போக வேண்டும். அதற்கு உடனே எழுந்துவிடுவேன். கார்த்திகையில் ஒரு நாள், இரண்டு மாதமாக இடிக்காதவன், திரும்பத் திரும்ப வந்து என் தொடையில் முன்னங்காலை வைத்தான். சுவரைப் பார்த்தேன். போனான், வந்தான், அதே வலது கால். மூன்றாம் தடவை மிஷினை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். காலை விரித்துப் பார்த்தால், இரண்டு விரலுக்கு நடுவே புளியங்கொட்டை மாதிரி ஒரு உண்ணி, ரத்தம் குடித்து உப்பிக் கிடந்தது. சுற்றிலும் தோல் சிவந்திருந்தது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்தேன். அத்தனை நேரமும் காலை இழுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய பழக்கம் திரும்பிவிட்டது என்று முதல் இரண்டு தடவை நினைத்தேனே என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது. நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே "கேட்டான், சரியாகத்தான் கேட்டான்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்றைய கணக்கு: முழங்கை இடி 1, சாமான் 0, குரைப்பு 2. அந்த இரண்டும் கேஸ் சிலிண்டர் போடும் தம்பி வந்தபோது. ஆள் வந்தால் மேலே தாவுவது இன்னும் போகவில்லை. அந்தத் தம்பியிடம் பேசியிருக்கிறேன், அடுத்த தடவை வாசலில் ஒரு நிமிஷம் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் சாக்கை வாசல் பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும். தன் நாற்காலியையும் சேர்த்து நகர்த்தச் சொல்லி அத்தை இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.