ஒன்பதாம் நம்பர் பெட்டி

சனிக்கிழமை காலையில் ஒரு ஸ்குரூ டிரைவர், பல் டாக்டர் வைத்திருப்பதுபோல ஒரு குட்டிக் கண்ணாடி, ஒரு நோட்டு. இவைதான் என் ஆயுதங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில், பறவைகள் கூடுகட்டுவதற்காகக் கம்பங்களில் நிற்கும் 14 மரப்பெட்டிகளுக்கு இந்த வருஷம் நான்தான் பொறுப்பு.

புளூபேர்டு என்ற சின்ன நீலப் பறவைக்குப் பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போனதில் குடியேறும். பட்டமரங்களை நாம் வெட்டிவிடுகிறோம், அதனால் பெட்டி. வாசல் ஒன்றரை அங்குலம். அதைவிடப் பெரிய ஸ்டார்லிங் பறவை அதில் நுழைய முடியாது. பாம்பு ஏறாமலிருக்கக் கம்பத்தில் தகரக் குழாய். திறக்கும் முன் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டவேண்டும், தாய்ப்பறவை இருந்தால் பறந்து போகட்டும் என்று. உள்ளே பைன் ஊசிகளால் நேர்த்தியாகக் கட்டிய கிண்ணம், அதில் நாலைந்து வெளிர்நீல முட்டைகள். முதல் தடவை பார்த்தபோது நோட்டில் எழுதவே மறந்துவிட்டேன். குஞ்சுக்குப் 12 நாள் தாண்டியதும் பெட்டியைத் தொடக்கூடாது. பயந்து, பறக்கத் தெரியாமலே குதித்துவிடும்.

இதெல்லாம் எளிது. சிக்கல் ஒன்பதாம் நம்பர்.

திறந்தால் ஒரே குப்பை. காய்ந்த புல், கோழி இறகு, சிப்ஸ் பாக்கெட்டின் கிழிசல், நடுவில் பழுப்புப் புள்ளி போட்ட ஐந்து முட்டைகள். சிட்டுக்குருவி! ஆறு மாதம் தங்க வந்திருந்த அம்மா அன்று கூடவே நடந்து வந்திருந்தார். கண்ணாடியில் எட்டிப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ச்சி.

"ஏண்டி, நம்ம ஊர்க் குருவி! கோவில்பட்டி வீட்டுல தாத்தா போட்டோ பின்னால கட்டுமே, ஞாபகம் இருக்கா? இப்ப எங்க பார்க்க முடியுது."

இங்கே அது 1850களின் தொடக்கத்தில் புரூக்ளினில் கொண்டுவந்து விட்ட வெளியூர்ப் பறவை. ஆண் குருவி பெட்டிக்குள் புகுந்து, அடைகாக்கும் புளூபேர்டைத் தலையில் கொத்தியே கொன்றுவிடும். போன வருஷம் இதே பெட்டியில் அப்படி ஒன்றைக் கையால் எடுத்திருக்கிறேன். 1918ஆம் ஆண்டுப் பறவைச் சட்டம் புளூபேர்டைக் காக்கிறது, குருவியைக் காப்பதில்லை. முட்டையோடு கூட்டை எடுத்துவிடுங்கள் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம்.

"குருவிக் கூட்டைக் கலைச்சா குடும்பத்துக்கு ஆகாதுடி" என்றார் அம்மா, நான் ஒன்றும் சொல்லாமலே. சரி என்று பெட்டியை மூடித் திருகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தூங்கும்போது பிளாஸ்டிக் பையோடு தனியாகப் போனேன். முட்டைகள் இன்னும் சூடாக இருந்தன. ஆண் குருவி பக்கத்து வேலியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார்: "நம்ம குருவி பொரிச்சிருச்சா?"

"நாலாம் பெட்டியில அஞ்சு குஞ்சும்மா" என்றேன். நாலாம் பெட்டியில் இருப்பது புளூபேர்ட்.