எந்தக் காலில் நிற்பது?

பல்கலைக்கழகம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, எந்தக் காலில்?

ஹார்வர்டிடம் 5,000 கோடி டாலருக்கும் மேல் நிலைவைப்பு நிதி இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை என்று கேட்பார்கள். ஆனால் அந்த அசல் தொகையை உடைக்க முடியாது, ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம்தான் எடுப்பார்கள், அதிலும் பெரும்பகுதி கொடுத்தவர்கள் நிபந்தனை போட்டுக் கொடுத்த பணம். வானியல் பேராசிரியர் பதவிக்கு என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டால், பக்கத்துக் கட்டடத்தில் கூரை ஒழுகினாலும் அதைத் தொடக்கூடாது. வங்கியில் பணம் இருக்கும், கையில் இருக்காது.

அரசு கொடுத்தால் மட்டும் சுதந்திரம் போய்விடும் என்பதையும் நான் நம்பவில்லை. பிரிட்டனில் 1919-இல் ஒரு மானியக் குழு அமைத்தார்கள். அரசு மொத்தமாகக் கொடுக்கும், கல்வியாளர்கள் நிறைந்த குழு பிரித்துக் கொடுக்கும், அமைச்சர் நேரடியாக மூக்கை நுழைக்க முடியாது. நல்ல ஏற்பாடு, 1989-இல் கலைத்துவிட்டார்கள்.

பிறகு இங்கிலாந்தில் 1998-இல் 1,000 பவுண்டு கட்டணம் வந்தது, 2012-இல் உச்சவரம்பு 9,000 ஆனது. இப்போது பல்கலைக்கழகத்தார் அமைச்சருக்குப் பதில் சேர்க்கைப் பட்டியலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆள் சேராத துறைதான் முதலில் வெட்டுப்படும். பெரும்பாலும் மொழித்துறை. (நான் மொழி படித்தவன், வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்யும்.)