இடாப்பில் ஒரு இலக்கம்

சமூகக்கல்வி சேர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த இரவு ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாளே சங்க மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டார்கள். பிக் மட்ச் கிரிக்கெட்டையும் கன்ரீனையும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு 1996தான் நினைவில் நிற்கிறது. ஆண்டு 11.

உள்ளூராட்சிப் பாடத்தைச் சேர் புத்தகத்தைத் திறக்காமலே தொடங்கினார். "சட்டம் போடுறது பாராளுமன்றம். உங்கட ஒழுங்கையில கான் அடைச்சா ஆரிட்டப் போவியள்?" ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. குப்பை, தெருவிளக்கு, நூலகம், சோலைவரி என்கிற வீட்டுவரி எல்லாம் மாநகர சபையின் பொறுப்பு என்று விளங்கப்படுத்திவிட்டு வீட்டுவேலை தந்தார்: கிராம சேவகரிடம் போய் வாக்காளர் இடாப்பைப் பார்த்து, உங்கள் வீட்டுத் தொடர் இலக்கத்தை எழுதி வாருங்கள். இன்னும் இரண்டு வருடத்தில் 18 ஆகிவிடும், அப்போது தேடித் திரியக் கூடாது என்றார்.

எங்கள் வீடு அதில் இல்லை. 1990இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் வாக்காளர் பதிவுக்கான பி.சி. படிவத்தில் தன் குடும்பத்தை மட்டும் எழுதுவார். குடியிருப்பவர் பெயரும் ஏறினால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அவருக்கு.

மறுநாள் ஒவ்வொருவராக எழுந்து இலக்கம் வாசித்தோம். என் முறை வந்தபோது, பக்கத்து ஒழுங்கைப் பொடியன் சற்றுமுன் வாசித்த இலக்கத்தையே நானும் வாசித்தேன். வகுப்பே சிரித்தது. காது இரண்டும் சுட்டது. சேர் சிரிக்கவில்லை. இடைவேளையில் படிக்கட்டடியில் கூப்பிட்டு மெல்லக் கேட்டார்: "வீட்டுக்காரர் பேர் போடேல்லையோ?"

சனிக்கிழமை பின்னேரம் குடையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். இடாப்பில் பெயர் பதிய அப்பாவுக்கே விருப்பமில்லை. "பொலிஸ் பதிவு இருக்குது மாஸ்டர், அது காணும்" என்றார். சேர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "அது அவங்கள் உங்களைத் தேடிப் பிடிக்க. இது நீங்கள் போய்க் கேள்வி கேக்க." பிறகு முன்வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார். அடுத்த படிவத்தில் யூன் 1ஆம் திகதிக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களும் இருந்தன, வீட்டுக்காரரின் அழகான கையெழுத்தில்.

18 வயதானதும் என் பெயரும் ஏறியது. அந்த வருடமே கனடாவுக்கு வந்துவிட்டேன். 2002 மார்ச்சில், போர்நிறுத்தம் வந்த அடுத்த மாதம், மாநகர சபைத் தேர்தல் நடந்தது. அப்பா அங்கே முதல்தடவையாக வாக்குப் போட்டார். விரலில் மை இன்னும் போகவில்லை என்று தொலைபேசியில் இரண்டு கிழமை சொல்லிக்கொண்டிருந்தார்.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முதல் கிழமை சேரோடு கடைசியாகக் கதைத்தேன். வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு அதில் வாக்களிக்க வழியில்லை. "அங்க உன்ர வட்டாரத்துக்கு ஆர்?" என்றுதான் முதலில் கேட்டார். ஸ்காபரோவில் எங்கள் வட்டார இலக்கத்தையும் உறுப்பினர் பெயரையும் சொன்னேன். ஒரு தேர்தலும் விடுவதில்லை என்றேன். கேட்டுச் சந்தோசப்பட்டார்.

"அப்ப இங்க உன்ர பேர்?"

"வெட்டியாச்சு சேர். கன காலம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அங்கே இன்னும் குளிரோ என்று கேட்டார்.